மூன்று தடவை திரும்பி வந்தது

தை பிறந்து நாலாம் நாள். டாக்டர் செல்வராணிக்கு அன்றைக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஆறுமுகநேரிப் பக்கம் ஒரு பண்ணையில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும். அது முடிந்ததும், கன்று ஈன்று நஞ்சுக்கொடி விழாமல் நிற்கும் ஒரு பசுவைப் பார்க்க வேண்டும். முத்தையாபுரத்து வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி முக்காணிப் பாலத்தைத் தாண்டும்போது போன் அடித்தது. வனத்துறை ரேஞ்சர் கிருபாநிதி.

“மேடம், சிலுவைத்துறையில திமிங்கலம் கரையேறிட்டு. ஒண்ணு ரெண்டு இல்ல, பதினேழு. உசுரோட கெடக்கு. பக்கத்துல நீங்கதான் இருக்கிய. வந்துருங்க.”

“நான் மாட்டு டாக்டர் சார்.”

“தெரியும். வேற யாரு இருக்கா சொல்லுங்க?”

செல்வராணி பண்ணைக்காரருக்குப் போன் போட்டு நாளைக்கு வருகிறேன் என்றாள்; பசுவைப் பக்கத்து ஊர் டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். பெட்டியில் இருக்கும் மருந்துகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டே உப்பளங்களுக்கு நடுவே தெற்கே போனாள். இருபத்து நாலு வருட சர்வீஸ். மாடு, ஆடு, கோழி, நாய், ஒரு தடவை கோயில் யானையின் நகம். கயத்தாறுப் பக்கத்துக் கரிசலில் பிறந்தவள். கடல் என்றால் திருச்செந்தூரில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மூன்று முங்கு போட்டுவிட்டு ஏறி வருவதுதான். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது.

சிலுவைத்துறை சின்ன ஊர். நூற்றைம்பது வீடு, ஒரு மாதா கோயில், மணலில் வரிசையாக ஏற்றி வைத்த பைபர் வள்ளங்கள். செல்வராணி வண்டியை நிறுத்தும்போதே சத்தம் கேட்டது. முதலில் பிள்ளைகள் விசில் ஊதுகிறார்கள் என்று நினைத்தாள். மணல் மேட்டில் ஏறிப் பார்த்த பிறகுதான் அது அந்த விலங்குகளின் சத்தம் என்று புரிந்தது.

அரைக் கிலோமீட்டர் தூரத்துக்குக் கிடந்தன. கன்னங்கரேல் என்று, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் உடம்பு. பானையைக் கவிழ்த்தாற்போல் உருண்டைத் தலை. பெரியது பதினைந்து பதினாறு அடி இருக்கும். சிறியது ஆள் நீளம்தான். அலை வரும்போது கொஞ்சம் புரண்டன, அலை போனதும் மணலில் பொதிந்தன. நாலு ஏற்கெனவே செத்திருந்தன. ஊரே கரையில் நின்றது. பெண்கள் குடத்தில் தண்ணீர் மோந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மீன் விற்கும் பேபி, அதிகாரம் யாரும் கொடுக்காமலே அதிகாரத்தை எடுத்துக்கொண்டு, வீடுவீடாய்ப் பழைய சேலைகளை வாங்கி நனைத்துப் போர்த்த வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏளா, உச்சந்தலையில போடாத! அதுக்கு மூக்கு அங்கனதான் இருக்கு. மூச்சு முட்டிரும்!”

தண்ணீருக்குள் மூன்று வள்ளங்கள் நின்றன. அதில் ஒன்று பேபியின் அண்ணன் ஜேசுபாதத்துடையது. ஐம்பத்தைந்து வயது, கழுத்தில் கறுத்துப்போன சிலுவைக் கயிறு, மார்பளவு தண்ணீரில் நின்று ஒரு விலங்கின் வாலில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

கரையில் நின்ற ரேஞ்சர் ஒரு நம்பரைக் கொடுத்தார். தூத்துக்குடியில் கடல்வாழ் பாலூட்டிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பெண், பெயர் ஜெர்லின். கிளம்பிவிட்டாள், வந்து சேர ஒரு மணி நேரமாகும். செல்வராணி போன் போட்டாள்.

“மேடம், செத்ததுல ஒண்ணோட வாயத் திறந்து பாருங்க. உள்ள சல்லடை மாதிரி தொங்குதா, பல்லு இருக்கா?”

செல்வராணி மணலில் முட்டி போட்டு, இரண்டு கையாலும் தாடையைப் பிளந்தாள். பல் பார்ப்பது அவளுக்குப் புதிதல்ல. மாட்டின் வயதைச் சந்தையில் அப்படித்தானே சொல்லுவார்கள். “பல்லுதான். கூம்பு மாதிரி. ஒரு பக்கத்துக்கு எட்டு.”

“அப்ப பைலட் திமிங்கலம். பேருதான் திமிங்கலம் மேடம். டால்பின் சாதி, இங்க ஓங்கல்னு சொல்வாங்கள்ல, அந்தக் குடும்பம். முதல்ல வால்ல கயிறு கட்டி இழுக்காங்கன்னா நிறுத்தச் சொல்லுங்க, முதுகெலும்பு போயிரும். வயித்துக்கு அடியில தார்ப்பாய் கொடுத்து, ஏந்தின மாதிரி கொண்டுபோகணும்.”

செல்வராணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிப் போய், இது ஓங்கல் வகை, வாலில் கயிறு வேண்டாம் என்று சொன்னாள். ஜேசுபாதம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஓங்கலா? எனக்கு ஓங்கல் தெரியாதா டாக்டரம்மா? கூட்டமா வந்து பம்பரமா சுத்திக் குதிக்கும், அது ஓங்கல். வள்ளத்துக்கு முன்னால அணியத்த உரசிக்கிட்டே ஓடி வரும், நீள மூக்கு, அதுவும் ஓங்கல். ஆத்து வாய்க்கிட்ட திமில் வச்ச ஒண்ணு வரும். முதுகுல செறகே இல்லாம, மொட்டத் தலையா, சத்தமில்லாம மூச்சு விட்டுட்டு முங்கிப் போறதும் இருக்கு. இது எதுலயும் சேத்தி இல்ல. இது கடலடிப் பாறை இருக்குல்ல, அந்தப் பாருக்கு வெளிய, ஆழத்துல கெடக்க சாதி. கரைப்பக்கமே வராது.”

ஆனாலும் கயிற்றை அவிழ்த்துவிட்டார். தார்ப்பாய் எங்கே இருக்கிறது என்று பேபியிடம் கத்தினார்.

அடுத்த ஒரு மணி நேரத்துக்கு மேல் பேச நேரமில்லை. ஒரு விலங்குக்குப் பன்னிரண்டு ஆள். மணலைத் தோண்டி, வயிற்றுக்கடியில் தார்ப்பாயை நுழைத்து, அலை வரும்போது ஒரு சேர “ஏலோ” என்று தூக்கி, ஆழத்துக்குக் கொண்டுபோய், வள்ளத்தின் ஓரமாகப் பிடித்துக்கொண்டு வெளியே போய் விட்டார்கள். முதல் விலங்கு தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு முங்கியபோது கரையில் கை தட்டினார்கள். செல்வராணியும் தட்டினாள். அது இருபது நிமிடத்தில் திரும்பி வந்து, போன இடத்திலேயே மணலில் மோதியது.

அடுத்ததும் வந்தது. அதற்கடுத்ததும்.

ஜெர்லின் வந்து சேர்ந்தபோது வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. இருபத்தேழு வயதுப் பெண். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் ஒரு தடவை நடந்து பார்த்தாள். மணல் திட்டில் தனியாகக் கிடந்த ஒன்றின் பக்கத்தில் நின்றுவிட்டாள். மற்றவை அலையில் புரண்டுகொண்டிருக்க, அது மட்டும் அசையாமல் கிடந்தது. காலையிலிருந்து யாரும் அதைத் தூக்க முடியவில்லை. இரண்டு தடவை முயன்று, அது பக்கவாட்டில் சாய்ந்து மூச்சுத் துளைக்குள் தண்ணீர் போவதைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். ஆனால் சத்தம் அதிலிருந்துதான் அதிகம் வந்தது. நீளமாக ஒரு விசில், இடைவெளி, மறுபடியும் ஒரு விசில்.

செல்வராணி குனிந்து அதன் மூச்சைப் பிடித்தாள். அழுகல் வாடை. நுரையீரலில் சீழ் பிடித்த மாடு இப்படித்தான் மூச்சு விடும். அந்த வாடையை அவள் எங்கே இருந்தாலும் கண்டுகொள்வாள். வாயைத் திறந்தாள். பற்கள் ஈறோடு ஈறாகத் தேய்ந்திருந்தன. வயிற்றின் பின்பக்கம் பால்காம்புப் பிளவு இரண்டு.

“பொட்டை. நல்ல வயசு,” என்றாள். “ரொம்ப நாளா நோய் இருக்கு. நெஞ்சு முழுக்கச் சீழு. இது பிழைக்காது ஜெர்லின். மருந்து கொடுத்தாலும் பிழைக்காது.”

ஜெர்லின் தண்ணீருக்குள் பார்த்தாள். திரும்பி வந்தவை எல்லாம் அந்தத் திட்டுக்கு இரண்டு பக்கமும்தான் கிடந்தன. அவள் சொல்லத் தயங்கியது செல்வராணிக்குத் தெரிந்தது.

“சொல்லு.”

“பெரிய திமிங்கலம், வாயில சல்லடை உள்ளது, ஒத்தையாத்தான் கரை ஒதுங்கும். அண்ணாச்சி சொன்னதா நீங்க சொன்னீங்கள்ல, முதுகுல துடுப்பில்லாம ஒண்ணு? அது ஓங்கலுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி, வேற குடும்பம். பல்லே தட்டையா இருக்கும். அதுவும் ஒண்ணு ரெண்டாத்தான் திரியும். கடற்கரையோரத்து ஓங்கல் இன்னைக்கு ஒரு கூட்டத்துல இருக்கும், நாளைக்கு வேற கூட்டத்துக்குப் போயிரும். இது அப்படி இல்ல மேடம். பிறந்த கூட்டத்துலயே சாகிற வரைக்கும் இருக்கும். கிழவிங்க ஈனுறது நின்ன பொறவும் பல வருசம் உசுரோட இருக்கும். மத்ததெல்லாம் அதுக்குப் பின்னாலதான் போகும். அது இங்க கெடந்து கூப்பிடுற வரைக்கும் இதுங்க திரும்பி வந்துக்கிட்டேதான் இருக்கும்.”

செல்வராணி கரைக்கு வந்து, கிழவியை ஊசி போட்டு முடித்துவிட வேண்டும் என்று ரேஞ்சரிடம் சொன்னாள். கிருபாநிதி தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். சட்டப்படி புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு இதற்கும் உண்டு; சென்னையிலிருந்து ஒப்புதல் வராமல் ஊசியைத் தொடக்கூடாது. கேட்டுப்பார்க்கிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். அதற்குள் பேச்சு ஜேசுபாதத்தின் காதுக்குப் போய்விட்டது. ஈர வேட்டியோடு நேராக அவளிடம் வந்தார்.

“கொல்லப் போறியளோ?”

“அது பிழைக்காது அண்ணாச்சி.”

“உசுரோட கெடக்கதைக் கொல்லுததுக்கா உங்களக் கூப்பிட்டோம்? அதுக்கு எங்களுக்குத் தெரியாதா? மீனுக்கு எறியுத உளி ஒண்ணு போதுமே.” அவர் சத்தம் உயர்ந்தது. “எங்க சாமியார் பூசையில சொன்னாவ, கரைக்கு வந்தது அடைக்கலம்னு. ஊரே வயித்துக்குக் கஞ்சி குடிக்காம தூக்கிக்கிட்டு நிக்கு. நீங்க ஊசியோட வாரிய!”

செல்வராணிக்கு ஒரு பழைய காளை நினைவுக்கு வந்தது. சர்வீஸில் சேர்ந்த புதிதில், முதுகு முறிந்த ஒரு காளையை, மாட்டுக்காரர் காலைப் பிடித்து அழுதார் என்பதற்காக மூன்று நாள் உயிரோடு வைத்திருந்தாள். அந்த மூன்று நாளும் அவள் செய்தது இரக்கம் என்றுதான் அப்போது எண்ணினாள். காளையைக் கேட்டிருந்தால் வேறு சொல்லியிருக்கும். ஜேசுபாதம் அதற்குள் திரும்பித் தண்ணீருக்குப் போய்விட்டார்.

அவர் அப்போது தூக்கிக்கொண்டிருந்தது நடுத்தர வயது விலங்கு ஒன்று. முதுகுத் துடுப்பின் ஓரத்தில், எதுவோ கடித்ததுபோல அரைவட்டமாய்ச் சதை இல்லை. காலையில் முதலில் கொண்டுபோய் விட்டதே அதைத்தான்; இரண்டு தடவை விட்டும் திரும்பி வந்துவிட்டது. இந்த மூன்றாவது தடவை வள்ளத்தை நிறுத்தாமல் ஒரு மைல் வெளியே கொண்டுபோனார். தார்ப்பாயை உருவிவிட்டு, அது முங்கிய பிறகும் என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு வள்ளம் பொட்டாகத் தெரிந்தது.

பிறகு அந்த வள்ளம் மெதுவாகத் திரும்பி வந்தது. அதற்கு முன்னால், அவர் கண்ணுக்கு நேராக, அந்தக் கடிபட்ட துடுப்பு கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. திட்டின் மேல் ஏறி, கிழவியின் விலாவில் தலையை வைத்துப் படுத்தது. திட்டிலிருந்து விசில் வந்தது. இது பதில் கொடுத்தது.

ஜேசுபாதம் வள்ளத்திலிருந்து இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். முகத்தைக் கழுவிக்கொண்டார். செல்வராணி இருந்த இடத்துக்கு வந்தபோது அவர் குரல் அடங்கிப்போயிருந்தது.

“டாக்டரம்மா. அதுக்கு வழி தெரியாம வரல. வழி நல்லாத் தெரியுது. மூணு மட்டம் வந்துட்டு. அது விட்டுட்டுப் போகாது.”

“போகாது அண்ணாச்சி.”

“அப்ப செய்யுங்க.” பிறகு, “அதுக்கு நோவுமா?” என்றார்.

“முதல்ல தூங்க வைப்பேன். தூங்கின பொறவுதான் மத்தது.”

ஒப்புதல் வர மதியம் இரண்டு மணியாயிற்று. அதற்குள் இன்னும் ஒன்று செத்துப்போனது. செல்வராணி மருந்தைக் கணக்குப் பார்த்தாள். மாட்டை மயக்கும் மருந்து அவளிடம் இருந்தது, இதற்குப் போதாது. சுற்றுவட்டாரத்து டாக்டர்கள் இரண்டு பேர் தங்களிடம் இருந்த புட்டிகளையெல்லாம் பைக்கில் கொடுத்தனுப்பினார்கள். வந்த பிறகுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. ஊசி எட்டவில்லை. தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் மூன்று நான்கு விரல்கடை இருந்தது; மருந்தைக் கொழுப்பில் விட்டால் நாளைக்குத்தான் வேலை செய்யும். அவள் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். வயிறு உப்பிய மாட்டுக்குக் குத்திக் காற்றை எடுக்கும் குழாய் ஊசி கையில் பட்டது. ஒரு சாண் நீளம். ஸ்பிரிட்டில் கழுவினாள்.

திட்டுக்கு அவளோடு ஜெர்லினும் பேபியும் ஜேசுபாதமும் வந்தார்கள். பேபி விலங்கின் கண்ணுக்கு மேல் ஈரச் சேலையின் ஓரத்தைப் பிடித்து வெயில் படாமல் மறைத்தாள். மாட்டுக் கண்ணை விடச் சின்னதுதான் அந்தக் கண். பழுப்பு நிறம். அது செல்வராணியைப் பார்த்ததா, பார்க்கவில்லையா என்று சொல்ல முடியாது. அவள் அதன் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். மாட்டுக்கு ஊசி போடும் முன் எப்போதும் வைப்பாள், அந்தப் பழக்கம். ரப்பர்போல் வழவழப்பாக, வெயிலில் சூடாக இருந்தது. உள்ளே எங்கோ ஆழத்தில் இதயம் மெதுவாக அடிப்பது கைக்குத் தெரிந்தது.

குழாயை அழுத்தி உள்ளே இறக்கினாள். உடம்பு ஒரு தடவை நடுங்கி அடங்கியது. மருந்து இறங்க இறங்க விசிலுக்கு நடுவில் இடைவெளி கூடியது. பேபி கையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. கடைசி விசில் பாதியில் நின்றது. செல்வராணி கண்ணின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள், இமை அசையவில்லை. அப்புறம் இரண்டாவது மருந்தைச் செலுத்தினாள். மூச்சுத் துளை ஒரு தடவை திறந்தது. மூடியது. பிறகு திறக்கவில்லை.

மணி மூன்று இருபது என்று ஜெர்லின் குறித்துக்கொண்டாள்.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. கிழவியைச் சுற்றிக் கிடந்தவை விசில் அடித்துக்கொண்டேதான் இருந்தன, முன்னைவிட அதிகமாக. அந்த முக்கால் மணி நேரம்தான் செல்வராணிக்கு அந்த நாளிலேயே கொடிய நேரம். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று அவள் எண்ணினாள். கடல் ஏற்றம் தொடங்கித் தண்ணீர் ஏறியது. திட்டின் ஓரம் நனைந்தது. ஜேசுபாதம் சொல்லி எல்லா வள்ளங்களையும் இறக்கினார்கள். இருந்த தார்ப்பாயையெல்லாம் எடுத்துக்கொண்டு ஊர் மொத்தமும் தண்ணீரில் இறங்கியது. இந்தத் தடவை ஒவ்வொன்றாகக் கொண்டுபோகவில்லை. முதலில் எல்லாவற்றையும் மிதக்கும் ஆழத்துக்குத் தள்ளி, ஒன்றுசேர வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். கடிபட்ட துடுப்பைக் கடைசியாகத் தூக்கினார்கள். அது கிழவியின் விலாவை விட்டு வர மறுத்தது. ஜேசுபாதம் அதன் தலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பிள்ளையிடம் பேசுவதுபோல், “வா, போதும், வா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மிதந்த பிறகு அது கரையைப் பார்த்துத் திரும்பியது. ஒரு தடவை விசில் அடித்தது. காத்திருந்தது. மறுபடியும் அடித்தது. திட்டிலிருந்து பதில் வரவில்லை. மார்பளவு தண்ணீரில் நின்றவர்கள் யாரும் அசையவில்லை. பிறகு அது மெதுவாக, உடம்பை வளைத்து, கிழக்கே திரும்பியது. மற்றவை அதன் பின்னால் போயின. பதினொன்று. வள்ளங்கள் இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு, பொழுது சாய்கிற வரைக்கும் கூடவே போய்விட்டு வந்தன.

கை தட்ட யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஜேசுபாதம் போன் பண்ணினார். தெற்கே அடுத்த ஊர்க் கரையில் இரண்டு ஒதுங்கியிருக்கின்றன, இரண்டும் செத்துத்தான் ஒதுங்கியிருக்கின்றன என்றார். கடிபட்ட துடுப்பு அதில் இல்லை என்றும் சொன்னார். மிச்சம் ஒன்பதைப் பற்றித் தகவல் எதுவும் வரவில்லை. செத்தவற்றை ஜேசிபி வைத்து ஆழமாகப் புதைத்தார்கள். கிழவியின் உடம்பில் மருந்து இருந்ததால், நாய் தோண்டாதபடி அதற்கு மட்டும் பத்தடிக் குழி. செல்வராணி அறிக்கை எழுதினாள். இனம் என்ற இடத்தில் ஜெர்லின் சொன்ன பெயரை எழுதி, அடைப்புக்குறிக்குள் ‘ஓங்கல் குடும்பம்’ என்று சேர்த்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வீடியோ கிளம்பியது. கரையிலிருந்து யாரோ எடுத்தது. ஒரு பெண் திமிங்கலத்தின் முதுகில் குழாயை இறக்குவதும், அது நடுங்குவதும் மட்டும் இருந்தது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ‘உயிரோடு வந்த திமிங்கலத்தைக் கொன்ற அரசு டாக்டர்’ என்று தலைப்பு. லட்சக்கணக்கில் பார்த்தார்கள். சென்னையிலிருந்து ஒருவர் மனு கொடுத்தார். செல்வராணியின் போனுக்கு முகம் தெரியாதவர்கள் கூப்பிட்டுத் திட்டினார்கள். மார்க்கெட்டில் காய் வாங்கும்போது ஒரு அம்மாள் உற்றுப் பார்த்து, “நீங்கதானே அது?” என்றாள். அன்றைக்குச் செல்வராணி காய் வாங்காமலே வீட்டுக்கு வந்தாள்.

தூத்துக்குடியில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். ஒப்புதல் கடிதம், மருந்துக் குறிப்பு, ஜெர்லினின் அறிக்கை எல்லாம் கையில் இருந்தன. தாளில் குற்றம் ஒன்றுமில்லை என்று கிருபாநிதி தைரியம் சொன்னார். ஆனாலும் அன்றைக்கு வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து அவள் அந்தத் தாள்களைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள்.

படியேறி ஜேசுபாதம் வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை. கூட பேபி.

“நீங்க எங்க அண்ணாச்சி? உங்களுக்கு ஆர்டர் வரலையே.”

“ஆர்டர் வந்தாத்தான் வரணுமா? காலையில முத பஸ்ஸுக்கு ஏறிட்டோம்.”

உள்ளே அவரையும் கேட்டார்கள். விசாரணை அதிகாரி நிதானமான மனிதர். மேசை மேல் தாளை நகர்த்திவிட்டு, “அந்த உயிரைப் போக்கணும்னு முடிவு பண்ணினது டாக்டர்தானே?” என்று கேட்டார்.

“இல்ல சார்,” என்றார் ஜேசுபாதம். “முத மட்டம் அவுக சொன்னப்போ நான் வைஞ்சேன். பொறவு நான்தான் போய்க் கேட்டேன், செய்யுங்கன்னு. ஒரே ஓங்கல மூணு மட்டம் கொண்டுபோய் விட்டவன் நான். அது ஏன் வருதுன்னு அந்த வீடியோ எடுத்தவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எழுதிக்கிடுங்க. எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுதேன்.”

அதிகாரி எழுதிக்கொண்டார். செல்வராணி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் திட்டில் அவள் அழவில்லை. வீடியோ வந்தபோதும் அழவில்லை. இப்போது, அத்தனை பேருக்கு முன்னால், கண்ணீர் மடியில் இருந்த கோப்பின் மேல் சொட்டியது. பேபி பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மனு தள்ளுபடியானது என்று சித்திரை மாதம் தாள் வந்தது. அதற்குப் பத்து நாள் முன்பே, பேபி வீட்டுச் சினை ஆட்டுக்குக் குட்டி குறுக்கே நிற்கிறது என்று சிலுவைத்துறையிலிருந்து செல்வராணிக்குப் போன் வந்திருந்தது. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.